டீச்சர் விட்ட கொடுவா

தம்பி, அந்த நீளப் பையைக் கொஞ்சம் நிமித்தி வைங்க, ஏறுற ஆளு மிதிச்சிரப் போறாங்க. தூண்டில் கம்புதானே? பையைப் பாத்ததும் தெரிஞ்சுக்கிட்டேன். நான் ஜன்னல் பக்கம் நகந்துக்கிடுதேன், நீங்க இப்படி உக்காருங்க. புன்னக்காயலுக்கா? நானும் அங்கதான்.

கொடுவா மீனுக்குப் போறீங்க. கேக்கவே வேண்டாம், அந்தக் கம்போட தடிமன் சொல்லுதே. நல்ல மாசம்தான். ஆறு கடல்ல சேருற எடத்துல, தண்ணி ஏறி வாற நேரம் பாத்து, அலையாத்தி மரத்து வேரை ஒட்டிப் போடுங்க. உயிர் மடவை மீனு கிடைச்சா வேற எரையே வேண்டாம். கொடுவா அடிச்சா ஒடனே இழுத்திராதீங்க. ஒரு மூச்சு நேரம் விட்டுப் பிடிக்கணும். அதுக்குச் செவுளு ஓரம் பிளேடு மாதிரி இருக்கும், வானத்துக்குத் துள்ளித் தலையை ஒரு ஒதறு ஒதறிச்சுன்னா தங்கூசி நரம்பு அறுந்துரும்.

நான் இப்பப் பிடிக்கறதில்ல. இருபத்தஞ்சு வருசம் பிடிச்சேன். தை மாசத்துல இருந்து கம்பைத் தொடல.

ஒங்க பேரு என்ன? இல்ல, வேண்டாம், சொல்லாதீங்க. பேரு தெரியாம இருந்தா எனக்குச் சொல்லறதுக்கு லேசா இருக்கும். என் பேரு தங்கப்பழம். ஸ்பின்னிங் மில்லுல சூப்பர்வைசரா இருந்து ரிட்டயர் ஆனவன். வீட்டுக்காரி பேரு செல்வக்கனி, நடுநிலைப் பள்ளியில சயின்ஸ் டீச்சர். அவளும் ரிட்டயர் ஆயாச்சு. கனி டீச்சர்னு சொன்னா எங்க பக்கம் எல்லாருக்கும் தெரியும். ஒரு பொண்ணு, சுகந்தி. கட்டிக் கொடுத்தாச்சு, பேரனும் இருக்கான்.

நான் கெட்டவன் இல்ல தம்பி. அதை மொதல்லயே சொல்லிருதேன். ஒரு நாளும் அவளைக் கை நீட்டினதில்ல. அவ வேலைக்குப் போனதை ஒரு நாளும் குத்திப் பேசினதில்ல. எங்க தெருவுல கேட்டாலும் தங்கமான மனுசன்னுதான் சொல்லுவாங்க. அதனாலதான் எனக்கு இது வெளிய சொல்ல முடியல.

பதினாலு வருசம் இருக்கும். புரட்டாசி மாசத்துல ஒரு ஞாயித்துக்கெழமை. என்கூட வழக்கமா வாற ஆளு காய்ச்சல்னு படுத்துட்டாரு. நான் தனியாக் கெளம்பறேன், இவ அடுப்படியில இருந்து வந்து, "நானும் வரட்டா?"ங்கா. கல்யாணம் ஆகி இருபது வருசத்துல ஒரு நாளு கேட்டதில்ல. எனக்கு விருப்பம் இல்லதான். பொம்பளையாளு வந்தா வெயிலும்பா, தண்ணியும்பா, சீக்கிரம் போவோம்பா. ஆனா வேண்டாம்னு சொல்ல வாய் வரல. புளிச்சோறு கட்டிக்கிட்டா, அவ ஸ்கூலுக்குக் கொண்டு போற தொப்பி ஒண்ணு இருந்துச்சு, ஸ்போர்ட்ஸ் அன்னிக்கு வைக்கறது, அதையும் வச்சுக்கிட்டு வந்து நிக்கா.

புன்னக்காயல்ல தொபியாஸ்னு ஒரு ஆளு. வள்ளக்காரன். எனக்கும் அவனுக்கும் ஒரே வயசுதான், ஆனா அண்ணாச்சின்னுதான் கூப்பிடுவான். மீனு எங்க நிக்குன்னு தண்ணியோட நெறத்தைப் பாத்துச் சொல்லிருவான். எப்பவும் அவன் வள்ளத்துலதான் போவேன்.

அன்னிக்கு நான் புதுக் கம்பு, புது ரீல் எல்லாம் கொண்டு போயிருந்தேன். இவளுக்குச் சும்மா இருக்கக் கூடாதேன்னு என் பழைய கம்பை எடுத்து, ஒரு மடவையைக் கோத்து, அந்தப் பக்கம் போட்டுக் கையில கொடுத்தேன். "இதைப் பிடிச்சுக்கிட்டு இரு. ஏதாவது இழுத்தா என்னைக் கூப்பிடு"ன்னேன். நல்ல பக்கம் நான் வச்சுக்கிட்டேன். அவளுக்குக் கொடுத்தது கரைப் பக்கம், ஆழம் இல்லாத தண்ணி. இதை ஏன் சொல்லுதேன்னா, அந்தப் பக்கம் மீனு வரும்னு நான் நெனைக்கவே இல்ல.

ஒரு மணி நேரம் ஒண்ணும் இல்ல. எனக்கு ஒண்ணு ரெண்டு கீளி மீனு அடிச்சுது, அதுவும் கையளவு. அவ்வளவுதான். அப்புறம் பாத்தா இவ பேசாம நிக்கா. கம்பு வளைஞ்சு தண்ணியைத் தொடுது. ரீல்ல இருந்து தங்கூசி ஓடுது, ஒரு சத்தம் வரும் பாருங்க, அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் நான் திரும்பினேன். அவ என்னைக் கூப்பிடல.

"டீச்சரம்மா, அது ஓடினா விடுங்க, நின்னா இழுங்க" அப்படின்னு தொபியாஸ் சொன்னான். அவ்வளவுதான் சொன்னான். இவ அப்படியே செஞ்சா. ஓடினா விட்டா. நின்னா கம்பைத் தூக்கி, எறக்கும்போது சுத்தினா. யாரு சொல்லிக் கொடுத்தான்னு எனக்குத் தெரியல. ஒரு சத்தம் இல்ல, ஒரு பதட்டம் இல்ல. கிளாஸ்ல கரும்பலகையைப் பாத்துக்கிட்டு நிக்கற மாதிரி தண்ணியைப் பாத்துக்கிட்டு நிக்கா. நான் என் கம்பைக் கீழ போட்டுட்டு அவ பக்கம் வந்துட்டேன்.

மொத தடவை மேல வந்துச்சு. ஒடம்பைப் பெரட்டிக் காட்டிட்டு உள்ள போச்சு. தம்பி, நான் அது வரைக்கும் பிடிச்சதுல பெருசு மூணு கிலோ. பதினொரு வருசமா நாயா அலைஞ்சு மூணு கிலோ. இது என் இடுப்பு ஒசரம் இருக்கு. வெள்ளி மாதிரி வயிறு, கண்ணு செவப்பா மின்னுது. தொபியாஸ் தலையில கை வச்சுட்டான். பத்துக் கிலோவுக்குக் கொறையாது அண்ணாச்சின்னான்.

ரெண்டாவது தடவை வள்ளத்துக்குப் பக்கத்துலயே வந்துச்சு. களைச்சுப் போச்சு. ஒருக்களிச்சுப் படுக்கப் பாக்குது. இன்னும் ஒரு சுத்து, ரெண்டு சுத்து, தொபியாஸ் கொக்கிக் கம்பை எடுத்துட்டான்.

நான், "கொடு, நான் பாத்துக்கிடுதேன்"ன்னேன்.

அவ, "இருங்க, நானே பிடிச்சுக்கிடுதேன்"ன்னா. திரும்பிக்கூடப் பாக்கல.

"விட்டுருவே, கொடு."

"விட மாட்டேன்."

நான் கம்பை வாங்கினேன். வாங்கினேன்னா, அவ கொடுக்கல. விரலை ஒவ்வொண்ணா விலக்கி வாங்கினேன். ரொம்ப அழுத்தாமத்தான். அவ கையில சக்தி இருந்துச்சு, எனக்கு அது ஆச்சரியமா இருந்துச்சு. வாங்கினதும் நான் செஞ்ச மொத வேல, ரீல் தலைல ஒரு திருகு இருக்கும்லா, தங்கூசியை ஓட விடாம இறுக்கறது, அதைத் திருகி இறுக்கினேன். இனி ஓட விடக் கூடாது, ஒரே இழுப்பா இழுத்துரணும்னு. தொபியாஸ், "அண்ணாச்சி, இறுக்காதீங்க"ன்னான். காதுல விழுந்துச்சு. ஆனா நான் இருபது வருசம் மில்லுல நூறு பேரை வேல வாங்கினவன், ஒரு வள்ளக்காரன் எனக்குச் சொல்லணுமான்னு ஒரு நெனப்பு.

மீனு துள்ளிச்சு. முழுசா தண்ணிக்கு மேல வந்துச்சு. தலையை ஒதறிச்சு. டங்குன்னு ஒரு சத்தம். கம்பு நிமிந்துட்டு. தங்கூசி காத்துல ஆடுது.

வள்ளம் மெதுவா ஆடுது. தண்ணியில வட்டம் வட்டமாப் போகுது. அந்த நேரத்துல நான் பேசாம இருந்திருக்கலாம் தம்பி. இல்லேன்னா ஐயோ போச்சேன்னு சொல்லியிருக்கலாம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நீ தளர விட்டுட்டே"ன்னேன். "என் கையில கொடுக்கும்போதே நீ தளர விட்டுட்டே."

யோசிச்சுச் சொன்னது இல்ல. வாய் முந்திக்கிட்டுது.

கனி என்னைப் பாத்தா. "அப்படியா? நான் தளர விட்டுட்டேனா?"ன்னு கேட்டா. சண்டைக்குக் கேக்கல. ஒரு பிள்ளை கணக்குத் தப்பாப் போட்டுட்டு டீச்சர்ட்ட கேக்குமே, அந்த மாதிரி கேட்டா. நான், "ஆமா, மீனுக்கு மூச்சு விட எடம் கொடுத்துட்டே"ன்னேன். தொபியாஸ் திரும்பி மோட்டாரைப் பாத்துக்கிட்டு இருந்தான். என் வீட்டு விசயம்னு விட்டுட்டான் போல.

வாற வழியில அவ புளிச்சோத்தைப் பிரிச்சு எனக்கும் தொபியாசுக்கும் வச்சா. "ஒங்க ரெண்டு பேரு ஞாயித்துக்கெழமையையும் கெடுத்துட்டேன்"னா. நான் சாப்பிட்டேன்.

அதோட விட்டிருந்தாக்கூடப் பரவாயில்ல. மறுநாளு மில்லு கேன்டீன்ல நாலு பேரு, நேத்து என்ன பிடிச்சீருன்னு கேட்டாங்க. நான் சொன்னேன். டீச்சர் பிடிச்ச கதை. சிரிச்சாங்க. ஒரு கதைக்கு நாலு பேரு சிரிச்சுட்டா அப்புறம் அதை நிறுத்த முடியாது தம்பி. கல்யாண வீடு, சடங்கு வீடு, எங்க போனாலும், "தங்கப்பழம், அந்தக் கொடுவா கதையைச் சொல்லும்"பாங்க. நான் எந்திரிச்சு நின்னு நடிச்சே காட்டுவேன். அவ கம்பைப் பிடிச்சு நிக்கறது, மீனு இழுக்கவும், "ஏங்க, ஏங்க, என்னமோ இழுக்குது"ன்னு கீச்சுக் கொரல்ல கத்தறது, நான் ஓடி வாரதுக்குள்ள பயந்து போய்க் கையைத் தளர விடறது. அவ கத்தவே இல்லன்னு எனக்குத் தெரியும். கத்தினாத்தான் சிரிப்பு வரும்.

அவளும் இருப்பா அங்க. அவளும் சிரிப்பா. அதனால எனக்கு ஒண்ணும் தப்பாத் தெரியல. அவளுக்குப் பிடிக்கலன்னா சொல்லியிருப்பால்லா?

வீட்டுக்குள்ள அது ஒரு பேச்சாவே ஆகிட்டு. அவ கையில இருந்து ஒரு டம்ளர் விழுந்தா, சுகந்தி, "அம்மா கொடுவாவை விட்டுட்டா"ம்பா. பஸ்ஸை விட்டுட்டா கொடுவா. பால் பொங்கிட்டா கொடுவா. சுகந்தி டூ வீலர் வாங்கினப்ப, "அம்மா, நீயும் கத்துக்கோ"ன்னா. இவ, "எனக்கு வேண்டாம்டி, எங்கயாவது கொடுவாவை விட்ட மாதிரி விட்டுருவேன்"னு அவளே சொல்லிச் சிரிச்சா. எல்லாரும் சிரிச்சோம்.

டிக்கெட்டா? எடுத்தாச்சு கண்டக்டர். புன்னக்காயல் ஒண்ணு. இந்தா டிக்கெட்டு.

பழையகாயல் தாண்டிட்டோமா? சரி.

இந்தத் தை மாசம் பேரனுக்குக் காது குத்து. வீட்டு முன்னால பந்தல் போட்டு, ஒறவுக்காரங்க எல்லாம் வந்திருந்தாங்க. தொபியாசையும் கூப்பிட்டிருந்தேன். அவன் ஒரு பெட்டி நெறைய விளமீனு பிடிச்சு, ஐஸ் போட்டு, பஸ்ல தலையில வச்சுக் கொண்டு வந்திருந்தான். கேட்டு வாங்கல, அவனாக் கொண்டு வந்தான். சாப்பாட்டுக்கு உக்காரும்போது சம்பந்தி, சுகந்தி மாமனார், பொன்பாண்டின்னு பேரு, "அண்ணாச்சி, அந்தக் கொடுவா கதையைச் சொல்லுங்க, எங்க ஆளுக கேட்டதில்ல"ன்னாரு. நான் எந்திரிச்சு ஆரம்பிச்சேன். நல்லா நடிச்சேன் தம்பி, அன்னிக்கு எப்பவும் விட நல்லா வந்துச்சு. பந்தியில உக்காந்திருந்தவன் எல்லாம் சோத்தைப் பிசையறதை விட்டுட்டுச் சிரிக்கான்.

தொபியாஸ் அந்தப் பந்தி ஓரத்துல உக்காந்திருந்தான். அவன் இந்தக் கதையை அது வரைக்கும் கேட்டதில்ல. அவன் ஊருல, அவன் வள்ளத்துல நான் சொன்னதில்ல, பாத்தீங்களா. நான் முடிச்சதும், அவன் சாதாரணமாத்தான் சொன்னான். "அண்ணாச்சி, அது அப்படி இல்லியே. டீச்சரம்மா கையில அந்த மீனு கட்டுப்பட்டுல்லா கிடந்துச்சு. ஒங்க கைக்கு வந்த பொறகுல்லா அறுந்துச்சு. நான் இறுக்காதீங்கன்னு சொன்னேனே."

பந்தியில சிரிப்பு நின்னுட்டு. சம்பந்தி என்னைப் பாக்காரு.

கனி சாம்பார் வாளியோட நின்னுக்கிட்டிருந்தா. அவதான் சொன்னா. "இல்லண்ணே, ஒங்களுக்கு ஞாபகம் தப்பிட்டு. நான்தான் விட்டேன்."

தொபியாஸ் அவளைப் பாத்தான். என்னைப் பாத்தான். நான் ஒரு வார்த்தை சொன்னாப் போதும், அவன் காத்துக்கிட்டு இருக்கான். அதுக்குள்ள யாரோ ஒருத்தன், எங்க சித்தப்பா மகன்தான், "என்ன தொபியாசு, காலையிலயே ஊத்திக்கிட்டு வந்துட்டியா?"ன்னான். எல்லாரும் சிரிச்சாங்க.

நானும் சிரிச்சேன் தம்பி.

தொபியாஸ் குடிச்சு ஆறு வருசம் ஆச்சு. மகன் கடல்ல செத்துப் போனதுக்கப்புறம் கோயில்ல வச்சுச் சத்தியம் பண்ணி விட்டவன். எனக்குத் தெரியும். அந்தப் பந்தலுக்குள்ள எனக்கு மட்டும்தான் தெரியும். அவன் எந்திரிச்சான். எலையில சோறு பாதி கெடக்கு. கையைக் கழுவினான், மீனு கொண்டு வந்த பெட்டியைத் தேடி எடுத்தான், போயிட்டான். நான் வாசல் வரைக்கும் போகல. மொய் எழுதறவன்ட்ட ஏதோ கேக்கற மாதிரி அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டேன்.

அன்னிக்குப் பூராவும் என் மனசுல ஒண்ணுதான். கனி என்னைக் காப்பாத்திட்டா. சபையில என் மானத்தை வாங்காம, பழியைத் தன் தலையில போட்டுக்கிட்டா. எப்பேர்ப்பட்ட பொம்பளை. மறுநாளு மத்தியானம் விருந்தாடி எல்லாம் போன பொறகு, அவ பாத்திரத்தை ஒதுக்கி வச்சுக்கிட்டிருந்தா. நான் போய் நின்னு, "நேத்து நீ அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம்"னேன்.

"எப்படி?"

"கொடுவாவை நீ விட்டேன்னு."

"ஏன், நான்தானே விட்டேன்?"ங்கா.

நான் அவ மொகத்தைப் பாத்தேன். குத்திச் சொல்லுதாளான்னு பாத்தேன். இல்ல. அவ குண்டானைத் தொடைச்சுக்கிட்டே சொல்லுதா. அவளுக்கு நெசம்மாவே அப்படித்தான் ஞாபகம். பதினாலு வருசம் நான் சொல்லிச் சொல்லி, அவ நின்ன நிலை, மீனு கிடந்த கிடை, எல்லாம் அவ மனசுல இருந்து போயிட்டு. என் கதைதான் அங்க இருக்கு. கத்தினதாக்கூட நெனைக்கா தம்பி. "நான் வேற பயந்து கத்திட்டேன்"ங்கா.

அடுப்படித் தரையிலயே உக்காந்துட்டேன். "இல்ல கனி, நான்தான் அறுத்தேன். நான் இறுக்கினேன்"னு சொன்னேன். அவ சிரிச்சா. "சும்மா என்னைச் சமாதானம் பண்ணாதீங்க. ஒரு மீனுக்கு இவ்வளவு வருசம் கழிச்சு"ன்னா. "தொபியாஸ் அண்ணன் சொன்னதும் ஒங்களுக்கு எரக்கம் வந்துட்டு." நான் எவ்வளவு சொல்லியும் கேக்கல. அன்னிக்குச் சாயந்தரம் சுகந்தி போன் பண்ணினா. "அப்பா, அம்மா சொன்னா. நீங்க பழியை ஏத்துக்கிட்டீங்களாமே. நீங்க ரொம்ப மாறிட்டீங்கப்பா"ன்னா. கொரல்ல அவ்வளவு பாசம். நான், "சரிம்மா, பையன் காது புண்ணு ஆறிட்டான்னு பாரு"ன்னு சொல்லி வச்சுட்டேன்.

ஒரு வாரம் அப்படியே விட்டுட்டேன். உண்மையைச் சொன்னா, அந்த ஒரு வாரம் எனக்குச் சொகமாக்கூட இருந்துச்சு. சொல்லியும் ஆச்சு, நல்ல பேரும் ஆச்சு. ஆனா சாப்பிட உக்காந்தா தொபியாஸ் எலையில கெடந்த சோறு கண்ணுல தெரியுது.

அப்புறம் ஒரு நாளு பரண்ல ஏறி அந்தப் பழைய கம்பை எறக்கினேன். அன்னிக்கு வந்து போட்டது, அதுக்கப்புறம் தொடல. ரீல் தலைல இருக்கற திருகு அன்னிக்கு இறுக்கின மாதிரியே இறுகிப் போய்க் கெடக்கு. கனியைக் கூப்பிட்டேன். "இந்தத் தங்கூசி நுனியை இழுத்துப் பாரு"ன்னேன். இழுத்தா. வரல. "இந்தத் திருகைத் திருப்பினா வரும். இறுக்கினா வராது. இது இருக்கறது ஒனக்குத் தெரியுமா?"

"தெரியாதே. நீங்க சொல்லித் தரலியே"ன்னா.

"அப்ப இதை இறுக்கினது யாரு?"

அவ அந்த அறுந்த நுனியைக் கண்ணுக்குப் பக்கத்துல வச்சுப் பாத்தா. அவ சயின்ஸ் டீச்சர் இல்லியா, அவ மூளை ஓட ஆரம்பிச்சதை நான் பாத்தேன். "தளர விட்டா தூண்டில் முள்ளு கழண்டுதானே போகும்"னா. நான் ஆமான்னேன். "தங்கூசி அறாது." அறாதுன்னேன். "தளந்த கயிறு எப்படி அறும்? இதை நான் யோசிக்கவே இல்லியே"ன்னா. அவளுக்கு அவ மேலதான் ஆச்சரியம். என் மேல கோவம் வரல. கோவம் வந்திருந்தா எனக்கு நல்லா இருந்திருக்கும்.

அப்புறம் கேட்டா. "எவ்வளவு நேரம் என் கையில இருந்துச்சு?"

"இருபது நிமிசம் இருக்கும்."

"இருபது நிமிசமா?"ன்னா. "நான் ரெண்டு நிமிசம்னு நெனைச்சுக்கிட்டிருந்தேன்."

நான் கதையில ரெண்டு நிமிசம்னுதான் சொல்லுவேன்.

கம்பை மடியில வச்சுக்கிட்டே ஒண்ணு சொன்னா. ஒம்பது வருசத்துக்கு முன்னால அவளை ஹெட்மிஸ்ட்ரஸாப் போட்டு ஆர்டர் வந்துச்சாம். நானூறு பிள்ளைக இருக்கற ஸ்கூல். வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டாளாம். எனக்குத் தெரியாது தம்பி. வீட்டுல சொல்லவே இல்ல. "ஏன் எழுதிக் கொடுத்தே?"ன்னு கேட்டேன்.

"அவ்வளவு பெருசு என் கையில நிக்காதுன்னு தோணிச்சு"ன்னா.

சொல்லிட்டு எந்திரிச்சுப் போய்க் கொடியில கெடந்த துணியை எடுக்கப் போயிட்டா.

அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு நான் எனக்குள்ளயே ரொம்ப நாளு கேட்டுக்கிட்டேன். ஆயிரம் காரணம் இருந்திருக்கும். தூரம், ஒடம்பு, சுகந்தி கல்யாணம் வந்த நேரம். ஒரு மீனு போய் ஒரு ஆளோட வேலையைத் தடுக்குமா? நீங்க சொல்லுங்க. சரி, சொல்ல வேண்டாம். ஒங்க மொகத்தைப் பாத்தாலே தெரியுது.

கனியை உக்கார வச்சே சம்பந்திக்குப் போன் போட்டேன். நடந்தது இதுதான்னு சொன்னேன். அவரு சிரிச்சாரு. "பொண்டாட்டிக்காக எவ்வளவு எறங்கிப் பேசுதீரு"ன்னாரு. நான் திருப்பித் திருப்பிச் சொன்னேன், நெசம்மாத்தான்னு. "சரி சரி, விடுங்க அண்ணாச்சி"ன்னு வச்சுட்டாரு. அவரு நம்பல. கனி அதைக் கேட்டுக்கிட்டே இருந்தா. "அவங்க நம்பினா என்ன, நம்பாட்டி என்ன. தொபியாஸ் அண்ணன் பாதிச் சோத்துல எந்திரிச்சுப் போனாரு. நானும்தான் அவரைப் பொய்க்காரனாக்கிட்டேன். நான் தெரியாமச் செஞ்சேன். நீங்க போய்ச் சொல்லிட்டு வாங்க"ன்னா. நீயும் வாயேன்னேன். "இல்ல. நீங்க தனியாப் போங்க"ன்னா.

அதுக்குத்தான் இந்தப் பஸ்.

இன்னொண்ணும் சொல்லிருதேன். ஒங்ககிட்ட இவ்வளவு சொன்ன பொறகு இதை மறைச்சு என்ன ஆகப் போகுது. இது மூணாவது தடவை. மாசி மாசம் ஒரு நாளு கெளம்பினேன். முக்காணி தாண்டிப் பாலத்துல ஏறினதும் அவன் மொகத்தைப் பாக்க முடியாதுன்னு தோணிட்டு. ஆத்தூர்ல எறங்கிட்டேன். கடைத்தெருவுல ஒரு மணி நேரம் நின்னேன், ஒரு கவுளி வெத்தலை வாங்கினேன், எதிர் பஸ்ல ஏறி வீட்டுக்குப் போயிட்டேன். "தொபியாஸ் கடலுக்குப் போயிட்டான், ஆளு இல்ல"ன்னு கனிட்ட சொன்னேன். அவ வெத்தலையைப் பாத்தா, வாங்கி உள்ள வச்சா. பங்குனியிலயும் அதே மாதிரி. அதே ஆத்தூர். அன்னிக்கும் ஆளு இல்லன்னுதான் சொன்னேன். அவளுக்குத் தெரியும்னு நெனைக்கேன். இன்னிக்குக் காலையில சட்டையை இஸ்திரி போட்டு வச்சிருந்தா. "இன்னிக்கு இருப்பாரு"ன்னா. அவ்வளவுதான் சொன்னா.

போன்ல சொல்லலாமேன்னு நீங்க நெனைப்பீங்க. அவன் நம்பர் என்கிட்ட இருக்கு. ஆனா அவன் சபையில வச்சு அவமானப்பட்டவன். நான் அவன் வீட்டு வாசல்ல, அவன் பொண்டாட்டி, மருமக கேக்க நிக்கணும். ஆறு வருசமா விட்ட சாராயத்தை அவன் மேல ஊத்தின பேச்சுக்கு நான் பல்லைக் காட்டிச் சிரிச்சேன். அதைச் சொல்லணும். கொடுவா விசயம்கூடப் பெருசு இல்ல, இதைச் சொல்லணும். மருமக அந்தப் பேச்சைக் கேள்விப்பட்டிருப்பாளோ என்னமோ. அவனைப் பொய்க்காரன்னு அந்தப் பிள்ளை நெனைச்சிருந்தா என்ன செய்ய?

பாலம் வந்துட்டு. ஆத்துல தண்ணி கெடக்கு பாருங்க. நல்லா ஏறியிருக்கு. ஒங்களுக்கு இன்னிக்கு மீனு உண்டு.

கண்டக்டர் கத்துதாரு, ஆத்தூர்னு. தம்பி, ஒரு ஒதவி. நீங்க அந்தப் பையை மடியில வச்சுக்கிட்டு, காலை நல்லா நீட்டி உக்காருங்க. நான் எந்திரிச்சாலும் வழி விடாதீங்க. ஏதாவது சாக்குச் சொல்லுவேன், வெத்தலை வாங்கணும்பேன், தலை சுத்துதும்பேன். கேக்காதீங்க.

எறங்குற ஆளு எறங்கட்டும்.

என்ன இவ்வளவு நேரம் நிப்பாட்டுதான். இதே எடத்துலதான் ரெண்டு தடவையும். அந்தா தெரியுது பாருங்க, அந்தக் கடை வாசல்லதான் நின்னேன்.

விசில் ஊதிட்டான். நகருது.

போச்சு. ஆத்தூர் போச்சு. காலை மடக்கிக்கிடுங்க தம்பி, போதும். இனிச் சேர்ந்தபூமங்கலம், அதை விட்டா நேரா புன்னக்காயல்தான்.

வழி பூராவும் எப்படி ஆரம்பிக்கணும்னுதான் யோசிச்சுக்கிட்டு வாரேன். எப்படி யோசிச்சாலும் கதை மாதிரியே வருது, நாலு பேரு முன்னால சொல்ற மாதிரி. அதெல்லாம் வேண்டாம். வாசல்ல நின்னு, செருப்பைக் கழட்டிட்டு, "நீ அன்னிக்குச் சொன்னதுதான் நெசம், தொபியாசு"ன்னு சொல்லணும். அவ்வளவுதான். சொல்லிட்டு வாயை மூடிக்கிட்டு நிக்கணும்.